வெளி மெக்கானிக்

பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடிவிட்டார்.

மேசைக்கு எதிரே இருந்த ஷோரூம் பெண் வாரண்டித் தாளில் இருந்த அந்த வரியை இன்னொரு முறை சொல்லிக் காட்டினாள்.

“வெளி மெக்கானிக் யாரும் கை வைக்கக் கூடாது சார். வச்சா வாரண்டி போயிரும்.”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். காலையில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு மிச்சம் இருந்தது. கோவில்பட்டியில் முப்பத்தோரு வருடமாக அடுத்தவர் வண்டிகளைப் பிரித்து மாட்டிய கைகள். முதல்முறையாகச் சொந்தத்துக்கு ஒரு புதுக் கார் வாங்கத் திருநெல்வேலிக்கு வந்திருக்கின்றன.

வெளி மெக்கானிக் என்றால் வேறு யார்? அவர்தான்.

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

கம்பெனி தருவது மூன்று வருடம். வேண்டுமானால் ஏழாக நீட்டிக்கொள்ளலாம். அதைத்தான் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள், மூன்றா, ஏழா என்று.

வாரண்டி நீள நீள அவர் பட்டறை வாசலில் வண்டிகள் குறைந்தன. “தன் வண்டி மேல நம்பிக்கை இருக்கிற கம்பெனி எத்தனை வருஷம்னாலும் குடுக்கும்” என்று டீக்கடையில் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த மனிதரோடு இவர் ஆறு மாதம் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை என்பது இவருக்கும் தெரியும். அதனால்தான் ஆறு மாதம்.

மூன்றே போதும் என்று சொல்ல வாயெடுத்தார்.

மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். பிறகு வண்டி அவருடையது. பானட்டைத் திறக்கலாம். அடியில் படுத்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்க்கலாம்.

ஏழு என்றால் அவருக்கு அறுபத்தாறு ஆகிவிடும். அப்புறம் படுத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்.

பக்கத்தில் இருந்த செண்பகவல்லி முந்திக்கொண்டாள்.

“ஏழாவே எழுதிருங்கம்மா. இவுக எங்க வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது.”

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இதுவரை வைத்திருந்த நான்கு வண்டிகளும் பழசு. யாரோ ஓட்டிச் சலித்தவை.

பழனிக்குப் போனபோது ஒட்டன்சத்திரம் தாண்டி வண்டிக்கு அடியில் கிடந்தார். குற்றாலத்துக்குக் கிளம்பியபோது அருவி வரை போய்ச் சேரவே இல்லை. மகள் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் பட்டு வேட்டியோடு படுத்தார். குடும்பப் படத்தில் எல்லோர் கைகளும் தெரிகின்றன. அவர் கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால்.

அத்தனை தடவையும் அவள் சாலையோரத்தில் நின்றாள். டார்ச் பிடித்தாள். பதினான்காம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பதினாறை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவரிடம் பேச நினைத்ததையெல்லாம், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் பேசினாள்.

“ம்” என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். கேட்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். பாதிக்குமேல் கேட்டதில்லை.

இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

பேனாவைத் திறந்தார். ஏழில் கையெழுத்துப் போட்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் சக்கரத்துக்கு அடியில் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்கின. வண்டி ரோட்டுக்கு வந்தது.

கங்கைகொண்டான் தாண்டியதும் அந்தச் சத்தம் கேட்டது.

பின்பக்கம், இடது கதவுக்குக் கீழே. மெல்லிய கடகடப்பு. வேறு யார் காதிலும் விழாது. ஏதோ ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை. இரண்டு நிமிட வேலை.

கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது.

கயத்தாறுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். நிழலில் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். பின்பக்கம் போனார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார்.

அவளும் இறங்கி வந்தாள். துணிப்பைக்குள் கை விட்டாள். நாலாக மடித்த ஒரு பழைய சேலையை எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த சேலை. இத்தனை வருடமும் அவர் படுப்பதற்கு முன் தரையில் விரித்துக் கொடுத்தது.

விரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புதுக் கார் எடுக்கக் கிளம்பிய அன்றும் அதை மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். டார்ச்சும் உள்ளே கிடந்தது.

இருவரும் அந்தச் சேலையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். அவருக்கு அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதநீர்க்காரர் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிளிப்பை முதல் சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு ஆள் இருக்கிறது.

சேலையை அவள் கையிலிருந்து வாங்கினார். மரத்தடிக்குக் கொண்டுபோய் விரித்தார். இரண்டு பட்டை பதநீர் சொன்னார்.

உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓலைப் பட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மகள் நேற்று போனில் சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில், நீட்டியிருந்த கால்களைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் “ம்” போடாமல், அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

பாதியில் நிறுத்தினாள். மெல்ல முகத்தை நிமிர்த்தினாள்.