அறுநூற்றுப் பன்னிரண்டு

“அறுநூத்திப் பன்னண்டாம்” என்றார் எலக்ட்ரீஷியன், சமையலறை வாசலில் நின்று. ரிப்போர்ட்டை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தபடியே சொன்னார். 

உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீர், அன்றைய நான்காவது, ஆறிக்கொண்டிருந்தது.

“ரத்தத்துல கொழுப்பு. டிரைகிளிசரைடாம். நூத்தம்பதுக்குள்ள இருக்கணுமாம். இப்படியே விட்டா கணையம் வீங்கி, ஆளையே கொண்டுபோயிடுமாம்.” சொல்லும்போதே மனுஷருக்குக் குரல் உடைந்துவிட்டது.

“இந்த ஒல்லிக்குச்சி உடம்புல அவ்வளவு கொழுப்பு எங்கங்க ஒளிஞ்சிருந்துச்சு?” என்று கேட்டபடி அந்த அம்மா அடுப்பை அணைத்தார். அணைத்தது அடுப்பை மட்டுமல்ல, அந்த வீட்டின் வறுவல் யுகத்தையே.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. முப்பத்தோரு வருஷம் மாணவர் விடுதிச் சமையலறையில் சூப்பர்வைசராக இருந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு சட்டம் உண்டு. எது சமைத்தாலும் சூப்பர்வைசர் முதலில் ஒரு முழுத் தட்டு சாப்பிட வேண்டும். அரைமணி நேரம் கழித்தும் அவர் நல்லபடியாக நடமாடினால்தான் நானூறு பேருக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்.

வேலை போனாலும் சட்டம் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வீட்டில் பசித்து உட்கார்ந்திருப்பார். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தனக்கென்றால் தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டார். டாக்டர்கள் எல்லாரும் பயமுறுத்திப் பிழைப்பவர்கள் என்பது அவர் கட்சி. கணவருக்கு ஒன்று என்றால் மட்டும் அந்த டாக்டர் சொன்னதே வேதவாக்கு. இந்த ரிப்போர்ட்டுக்காக ரத்தம் கொடுக்கப் போன அன்றும், கணவருக்குத் தைரியம் வர இவர்தான் முதலில் ஊசிக்குக் கையை நீட்டினார்.

மறுநாளே சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. பிஸ்கட், கேக், குளிர்பானம் எல்லாம் பின்னாலேயே போயின. சோறு பாதியாகி, வேகவைத்த பீன்ஸும் கீரையும் மீனும் தட்டில் குடியேறின. அவித்த பீன்ஸை மென்று மென்று இருவர் தாடையும் குத்துச்சண்டை வீரர் தாடை ஆயின.

மீன் எண்ணெய் மாத்திரையும் வந்தது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், இல்லை, சின்னப் படகு அளவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்று எலக்ட்ரீஷியன் தினமும் இழுத்தார். தினமும் சூப்பர்வைசர் முதலில் ஒன்றை விழுங்கி, அரைமணி நேரம் உயிரோடு இருந்து காட்டினார்.

நடைப்பயிற்சியில்தான் தகராறு. பூங்காவில் பத்துச் சுற்று. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுவதாக ஏற்பாடு. மூன்றாம் நாளே மனுஷர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி இரண்டு சுற்றைத் திருடினார். திருடத் தெரியாத திருடர். முழங்கை வெளியே தெரிந்தது.

“உங்களை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியாது” என்று அன்றிலிருந்து அம்மா குடையும் கையுமாகப் பின்னாலேயே நடந்தார். அவர் வேகம் கூட்டினால் இவரும் கூட்டினார். இரண்டாம் மாதம் பூங்காப் புறாக்கள் வரிசையாக ஒதுங்கி வழிவிட்டன.

இத்தனைக்கும் எலக்ட்ரீஷியனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. வேலைக்குப் போன வீட்டில் அவர் வயரிங் செய்த பிறகு அழைப்பு மணியை அழுத்தினால் குளியலறை விளக்கு எரிந்தது. வீட்டிலும் மனைவியின் தட்டையே வெறித்துக்கொண்டிருப்பார்.

“என் தட்டுல என்ன பார்வை? உங்களுக்கும் இதேதான் வரும், பொறுங்க” என்பார் அம்மா.

மூன்று மாதம் முடிந்தது. பன்னிரண்டு மணி நேரப் பட்டினியோடு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் போய் நின்றார்கள். ஊசியைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் பின்வாங்கி, வலிக்குமோ என்னவோ என்று முனகினார். சூப்பர்வைசர் விடுவாரா? சட்டையை மடக்கி முதலில் தன் கையை நீட்டினார். கொடுத்தது கொடுத்தாயிற்று, அதையும் சோதித்துவிடுங்கள் என்று எலக்ட்ரீஷியன் பெரிய மனசோடு இரண்டு பேருக்கும் சீட்டு எழுத வைத்தார்.

முடிவு வரும்வரை குட்டி போட்ட பூனை மாதிரி அந்த வராந்தாவை அளந்தார். தரையில் பள்ளம் விழாதது ஆச்சரியம். அம்மாவோ ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தார்.

ஜன்னல் வழியே இரண்டு தாள் நீண்டது. எலக்ட்ரீஷியன் பாய்ந்து பிடுங்கினார். ஒன்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. மற்றதில் கண்ணை ஓட்டியவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“நூத்தி நாப்பத்தெட்டு” என்றார். “நூத்தி நாப்பத்தெட்டுதான்.”

அம்மாவுக்கும் கண் நிறைந்தது. உங்களைக் கரை சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, பத்திரப்படுத்துவதற்காகத் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேலே இருந்தது அம்மாவின் பெயர். வயது அவருடையது. கீழே, ‘முந்தைய அளவு’ என்ற கட்டத்தில் 612.

அவர் தாளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். 

எலக்ட்ரீஷியன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்குன்னு சொன்னா நீ கேட்டிருப்பியா?”