சுண்டுவிரல்

சைகோன் ஆற்றை ஒட்டிய மருத்துவமனையில், நத்தர்ஷாவின் முகத்துக்கும் இடது கைக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி தொங்குகிறது. உள்ளங்கையைக் கீறிக் கட்டியை எடுத்தாகிவிட்டது. தையல் போடுவதற்கு முன், ரத்தத்தை நிறுத்தும் மருந்தில் நனைத்த துணியைக் காயத்துக்குள் வைக்கிறார் டாக்டர். மறுபடி தலைதூக்கும் வலியின் மேல், மரத்துப்போக வைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள் நர்ஸ். "டாவ் கோங்?" வலிக்கிறதா என்கிறாள். இல்லையென்று தலையாட்டுகிறார். கை இருக்கிற இடமே தெரியவில்லை. மருந்து ஊறட்டும் என்று இருவரும் தள்ளி நிற்கிறார்கள். வெளியே ஒரு படகு ஊதி அடங்குகிறது. அப்போதுதான் துணிக்கு அப்பால் யாரோ அவர் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கிறார்கள். சடக். நர்ஸ் திடுக்கிட்டு டாக்டரைப் பார்க்கிறாள். டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சடக். இப்படி வரிசையாகச் சொடக்கு எடுத்துவிடுகிறவள் அவர் மனைவி மதார் பீவி ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து சுண்டுவிரலை மட்டும் தொடமாட்டாள். "இது நாளைக்கி" என்று விட்டுவைப்பாள். அவள் மௌத்தாகி ஆறு வருஷமாகிறது. கடைசியாகக் குளிப்பாட்டிய ஈரம் இன்னும் காயாத விரல்கள் இரண்டு இப்போது அவருடைய சுண்டுவிரலைச் சுற்றிக்கொள்கின்றன. "மதாரு, அது நாளைக்கி புள்ள," என்கிறார் நத்தர்ஷா, தமிழில், மெதுவாக. பிடி விடவில்லை. இழுக்கிறது.