ரெஜினாவைக் கேட்க வேண்டும்

சேவியர் தன் முதல் நாவலுக்குத் திட்டம் மட்டும் போட்டுவிட்டு இறந்துபோனார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் குறிப்பு இருந்ததால், அதை எழுதி முடிக்கும்படி அவர் மனைவி ரெஜினா, கதை எழுதும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கொடுத்தாள். பத்து அத்தியாயங்கள் வந்தன. பிறகு அது அவளை அழைத்தது.

“பதினோராம் அத்தியாயத்தில் குழந்தை இறக்கிறது. தாயின் மனநிலைக்கு அவர் எழுதியிருப்பது ஒரே வரி: ‘ரெஜினாவைக் கேட்க வேண்டும்.’ கேட்டாரா?”

“இல்ல. எங்க குழந்தை போய்ப் பதினாறு வருஷம். நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல.”

“இப்போது நான் கேட்கலாமா?”



“வேண்டாம். அந்த அத்தியாயத்தை நானே எழுதறேன்” என்றாள்.

காகிதத்தை எடுத்து, சேவியரிடம் சொல்வதுபோலவே தொடங்கினாள்: “நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி, பாப்பா ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பாத்துச்சு.”