பழைய பிரவுசர் எங்கே?

"யாரைக் கேட்டும்மா மாத்தின?"

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில், முதலாளியின் குரல் கண்ணாடி அறையைத் தாண்டி வெளியே வந்தது. வெளியே இருந்த மூன்று பேரும் அவரவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவர் எதிரில் நின்றவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். புதிதாகச் சேர்ந்தவள். வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை.

"பழைய பிரவுசருக்குப் பாதுகாப்பு அப்டேட் வர்றது நின்னுபோச்சு சார். அதான் எல்லாத்துலயும் அதை எடுத்துட்டு, பாதுகாப்பான ஒண்ணைப் போட்டேன்."

"இத்தனை நாள் என்ன குடி முழுகிப்போச்சு?"

"போன வாரம் ஹலோ அக்கா கம்ப்யூட்டர்ல, 'வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்'னு ஒரு பெட்டி வந்து நின்னுது சார். அவங்களும் போனைப் போட்டுட்டாங்க."

நாள் முழுக்க போனில் புகார் கேட்பதே ஹலோ அக்காவுக்கு வேலை.

"ஐயையோ! அப்புறம்?"

"பழக்கதோஷம். எடுத்தவன்கிட்ட, 'ஹலோ, எந்த மாடியில லிஃப்ட் நின்னிருக்கு?'ன்னு கேட்டிருக்காங்க. அவனே பயந்து வச்சுட்டான்."

வெளியே யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"அது கிடக்கட்டும். உன் புது பிரவுசர் எதையுமே ஞாபகம் வச்சுக்க மாட்டேங்குதே! யார் எதைப் பார்த்தாங்கன்னு ஒரு தடயமும் இல்ல."

"மூடினதும் அழிச்சிடும் சார். யாரும் பின்னாலயே வந்து வேவு பார்க்க முடியாது."

அதுதான் முதலாளிக்குக் கசந்தது. பழைய பிரவுசரை அவர்தான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தன் சொந்த அக்கவுண்டில் திறந்து வைத்திருந்தார். யார் எதைத் தேடினாலும் அறையில் உட்கார்ந்தபடியே அவருக்குத் தெரிந்துவிடும்.

"என்ன கணக்கு சார், பல்வலி தேவலையா?" என்பார். கணக்கு சார் அதை வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

மெக்கானிக்குகளை அனுப்பிவைக்கும் ரூட்டு அண்ணன் மத்தியானம் சோபா விலை பார்த்தால், சாயங்காலம் கிளம்பும்போது, "சாஞ்சு உட்கார ஆசை வந்திடுச்சு போலிருக்கே!" என்று ஒரு குத்தல் வரும்.

முதலாளிக்கு முதுகிலும் கண் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு தோணுதும்மா" என்றார் முதலாளி. "நீயே வேற இடத்துல வேலை தேடுற. அது வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் இந்தப் பாதுகாப்பு, அப்டேட்டு, மண்ணாங்கட்டி எல்லாம்."

"அப்படி இல்ல சார்."

"சாயங்காலத்துக்குள்ள பழசு திரும்பி வரணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அவள் வெளியே ஒரு பார்வை பார்த்தாள்.

"கதவைச் சாத்திக்கட்டுமா சார்?"

"எதுக்கு? எல்லாரும் கேக்கட்டுமே! இங்க ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சார், எல்லாக் கம்ப்யூட்டர்லயும் உங்க அக்கவுண்ட்தான் இருந்துச்சு."

"இருக்கட்டும். என் கம்பெனி, என் அக்கவுண்ட்."

"உங்க வீட்டு லேப்டாப்லயும் அதே அக்கவுண்ட்தானே சார்?"

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"ஒருவழிப் பாதை இல்ல சார் அது. இவங்க இங்க தேடினது உங்களுக்கு வந்த மாதிரி, நீங்க வீட்டுல தேடினதும் இவங்களுக்கு வந்திருக்கு."

முதலாளி தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்காமலே வாய்க்குக் கொண்டுபோனார்.

"என்ன... என்ன வந்துச்சு?"

"இவங்க எதையாவது தேடலாம்னு ஒரு எழுத்தைத் தட்டினாலே, 'குறட்டையை நிறுத்துவது எப்படி'ன்னு..."

"அது என் சம்சாரத்துக்காகத் தேடினது."

"சரிங்க சார்."

"வேற?"

அவள் தரையைப் பார்த்தாள். "விடுங்க சார். இப்பதான் எல்லாம் அழிஞ்சுபோச்சே."

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

'மகளிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி?'

'மகள் போனை எடுக்காவிட்டால் அப்பா என்ன செய்யலாம்?'

ராத்திரி ராத்திரியாக, வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டவை. மனைவியிடம்கூடக் கேட்காதவை.

முதலாளி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணக்கு சார் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். ரூட்டு அண்ணன் போனில் யாரிடமோ எட்டாவது மாடிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு பேருமே பார்த்துட்டாங்களா?"

"ம்."

"கேன்டீன்ல உட்கார்ந்து, என்னை வச்சு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாங்க."

"இல்ல சார். மத்தவங்களும் பார்த்திருக்காங்கன்னு அவங்க ஒருத்தருக்குமே தெரியாது. மூணு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்து, மெதுவா ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க: 'பாவம்மா அவரு... வேற யாரும் பார்க்கிறதுக்குள்ள, ஏதாவது சாக்குச் சொல்லி இந்த பிரவுசரை மாத்திடு.'"