இரண்டு பாம்பு, ஒரு தோல்

புருஷனை விழுங்கிய பாம்பின் வாலை இரண்டு கையாலும் பிடித்து, அவள் தரையில் ஓங்கி அடித்தாள்.

"பத்தாதுக்கா. இன்னும் ஆங்காரமா!" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இயக்குநர். ஒலிப்பதிவுக் கூடத்தின் திரையில், அட்டைப்பெட்டிக் கட்டடங்களை நொறுக்கியபடி இரண்டு ராட்சசப் பாம்புகள் மோதிக்கொண்டிருந்தன.

இரண்டு என்பது திரையில் மட்டும்தான். இயக்குநர் வாங்கிய துணி ஒரு பாம்புக்கே இழுத்துப்பிடித்துத்தான் வந்தது. வெளிப்பக்கம் கறுப்பு, திருப்பிப் போட்டால் பச்சை. உள்ளே ஆளும் ஒருத்தன்தான், அவள் புருஷன். காலையில் பச்சையாக இருந்து அடிப்பான். மதியம் கறுப்பாகி அதே அடியை வாங்கிக்கொள்வான். இரண்டையும் ஒட்டுப்போடுவது கம்ப்யூட்டர் வேலை.

ஜிப் வைத்தால் கேமராவில் மின்னும். அதனால் அவன் உள்ளே படுத்ததும், கழுத்திலிருந்து வால்வரை வயிற்றுப்பக்கம் தைத்து மூடுவது அவள் வேலை. ஷாட் முடிந்ததும் பிரித்து வெளியே விடுவதும் அவளே. பாம்பு தினமும் இரண்டு வேளை புருஷனை விழுங்கி, இரண்டு வேளையும் துப்பிவிடுகிறது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடைசி நாள், அவள் கறுப்பைத் தைத்து மூடியதும், "ஒரே ஒரு ஷாட்தான்க்கா. பிரிக்கறதை நாங்க பாத்துக்கறோம், நீங்க கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனவளுக்கு வழியிலேயே போன் வந்தது. மாரடைப்பு.

அதாகி ஒரு மாதம். இன்றைக்குப் பாம்புச் சத்தம் கொடுக்க வந்தவள் கேட்ட கூலி ஒன்றே ஒன்றுதான். படத்தில் அவன் பெயர் வரவேண்டும்.

"பேரைப் போட்டா உள்ள ஆள் இருந்தது தெரிஞ்சுடுமேக்கா. அப்புறம் ஜனங்க பாம்பை எப்படி நம்புவாங்க?"

"உங்க பாம்பு பஸ்ஸை முழுங்கிட்டு ஏப்பம் விடுது சார். அதையே நம்பறவங்க, இதுக்கா மலைக்கப் போறாங்க? எங்கப்பாதான் பாம்புன்னு என் பொண்ணு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா. ஒருத்தரும் நம்பலை."

"சரி, நன்றின்னு போட்டு நாப்பது பேரோட சேத்துடறேன்."

"தனியா."

"தனியாவே. கடைசியில, சின்ன எழுத்துல."

"குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கணும் சார். அவ்வளவு நேரம் நிக்கணும்."

"நீங்க சத்தம் குடுக்க வந்தீங்களா, தரகு பண்ண வந்தீங்களா?" இயக்குநர் சிரித்தார். "முதல்ல சாவு சீனை முடிங்க. அப்புறம் பேசிக்கலாம்."

சாவு சீன் ஓடியது. பச்சையிடம் கடிபட்ட கறுப்பு புரண்டு துடித்தது, வால் தரையை அறைந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, கையிலிருந்த அதே துணித் தோலைத் தரையில் அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வால் நிற்கவில்லை. நான்கு, ஐந்து என்று போய், ஒன்பதாவது அடி எழும்போதே தளர்ந்து விழுந்தது.

"மூணு அடி அடிச்சிட்டுச் செத்துடுங்கன்னுதான் சொன்னேன்." இயக்குநர் உருகிப்போனார். "ஒன்பது குடுத்தாரு மனுஷன்! 'கட்' சொல்லவே மனசு வரலை. யூனிட் மொத்தமும் கை தட்டுச்சு."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்தானே சார் டீ குடிச்சாரு?"

"ஆமா! வெளிய வந்து, வேர்வையைத் துடைச்சிக்கிட்டு, ரெண்டு டம்ளர் குடிச்சாரு. பிஸ்கட்கூட. ஜோக்கடிச்சிக்கிட்டே சேர்ல சாஞ்சாரு, அவ்வளவுதான்."

போன மாதம் அது ஒரு டம்ளராக இருந்தது. பிஸ்கட் இன்றைக்குப் போட்ட கொசுறு. எதற்கும் பேரம் பேசுகிறவள் இதில் மட்டும் பேசவில்லை. ஒரு மாதமாக அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பது அந்த டீதான்.

"இன்னொரு டேக் போலாம்க்கா. அஞ்சாவது அடி கொஞ்சம் பிந்திடுச்சு."

"முதுகு நெடுக ஒரே கோடா டேப் ஒட்டி வச்சிருக்கீங்களே சார், கை வழுக்குது."

"கோடவுன்ல எலி. கடிச்சுக் குதறிடுச்சு. வயித்துப்பக்கமாப் புரட்டிப் புடிங்களேன்." இயக்குநருக்கு அவசரம். "இந்த டேக் மட்டும் சரியா வரட்டும், அவர் பேரு தனியா, முழுத் திரையில, எண்ணிப் பத்து செகண்டு நிக்கும். திருப்திதானே?"

பேரத்தில் ஜெயித்தவள் தோலைப் புரட்டினாள். வயிற்றுப்பக்கம் மேலே வந்தது.

அவள் விரல் கழுத்தில் தொடங்கி, தையல் மேலேயே மெதுவாக ஊர்ந்து போனது. வால் முனைக்கு வந்ததும் நின்றது. அன்றைக்கு அவள் பல்லால் கடித்து அறுத்த நூலின் நுனி, முடிச்சோடு, அங்கேயே இருந்தது.

"என்னக்கா, ரெடியா?"

திரையில் வால் முதல் அடிக்காக உயர்ந்து, அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள்.

"நான் போட்ட தையல் ஒண்ணுகூட பிரியலையே சார்."