தேய்ந்த துடுப்பு

இராசமலரின் நடைக்கு அவள் புருசன் தியாகலிங்கம் போட்ட விலை அறுபத்தெட்டு டொலர். பனி தள்ளும் மெஷினில் சுழன்று தரையை வழிக்கும் ரப்பர்த் துடுப்பு ஒரு சோடி அந்த விலை. ஐம்பதுக்குக் கேட்டார், கடைக்காரன் இறங்கவில்லை, இவரும் ஏறவில்லை. துடுப்பின் ஓரத்தில் கொம்பனிக்காரன் சின்னத் துளை ஒன்று வைத்திருப்பான். ரப்பர் அதுவரை தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். ஊரில் சுன்னாகத்துத் துணிக்கடையில் கடைசி முழத்தையும் காசாக்கிப் பழகியவருக்கு, பாதித் துளை தேயாமல் இருந்தால் பாதிச் சரக்கு மிச்சம். "இன்னும் ஒரு பனி மாரிக்கு ஓடும்" என்றார். தேய்ந்த துடுப்பு வழிக்காமல் விட்ட மெல்லிய பனி இரவில் கண்ணாடியாய் இறுகியது. விடிய வேலைக்குக் கிளம்பிய மலர் வாசலிலேயே விழுந்தாள். இடுப்பு முறிந்தது, ஆஸ்பத்திரியில் நியூமோனியாவும் சேர்ந்துகொண்டது.

புதுத் துடுப்பை அவள் தம்பி குகதாசன்தான் வாங்கி வந்தான். "காசு வேண்டாம் அத்தான். நீங்கள் பேரம் பேசி முடிக்கிறதுக்கிடையில இன்னொரு ஆள் விழும்." தியாகலிங்கம் பழசைக் கழற்றிப் புதுசைப் பூட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து மலர் சக்கர நாற்காலியில் வர வழி வேண்டுமே. மெஷின் தார் தெரிய வழித்துக்கொண்டு போனது. பாதியில் குகதாசனின் போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. கேட்டவன் "ஐயோ, அக்கா" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். தியாகலிங்கம் அவன் முகத்தைப் பார்த்தார். மிச்சப் பனியையும் வழித்தார். பிறகு வெறும் தாரில் மேலும் கீழும் தள்ளத் தொடங்கினார். ரப்பர் கருகி மணந்தது.

"அத்தான், நிப்பாட்டுங்கோ. பனி முடிஞ்சுது."

"பாக்கி கிடக்கு" என்றார், நிறுத்தாமல்.