லிப்ட் இல்லாத மண்டபம்

மகன் கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க உட்கார்ந்த வேதவல்லிக்குத் திரை வெட்டி வெட்டி அணைந்தது. விதவை முன்னால் நிற்கக் கூடாதென்று சம்பந்தி வீட்டில் சொன்னது எங்கள் தெருவுக்கே தெரியும். அவளிடம் மட்டும் மகன், “மூணாவது மாடிம்மா, லிப்ட் இல்ல, உன் முட்டி தாங்காது” என்றிருந்தான்.

“தாலி கட்டறதுக்குள்ள சரி பண்ணிடுடி” என்று தவித்தாள். உதவுகிற சாக்கில் வேடிக்கை பார்க்கப் போன நான்தான் திரைக்குப் பின்னாலிருந்த ஒயரை அழுத்திப் பிடித்தேன். படம் வெட்டாமல் நின்றது. மேடையை ஒட்டி லிப்ட் கதவு திறந்தது. பெண்ணின் தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வேதவல்லி என் பக்கம் திரும்பவில்லை.

“ஒயரை விடுடி, கை வலிக்கப் போவுது.”

கெட்டிமேளம் தொடங்கியிருந்தது. நான் விடவில்லை. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.